ஸ்டெரிலியம் நீல பாட்டில் எப்படி இருக்கு? சானிடைசர் வாங்கப் போறவங்க ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க

முதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். வீட்ல கீமோ எடுக்குறவங்க, டயாலிசிஸ் போறவங்க, ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க, கைக்குழந்தைன்னு யாராவது இருந்தா தாராளமா வாங்கலாம். மத்தவங்களுக்கு, சோப்பும் தண்ணியும் கைக்கெட்டுற இடத்துல இருந்தா இது கண்டிப்பா வேணும்னு இல்ல, பஸ் ட்ரெயின் ஆஸ்பத்திரின்னு போறப்ப பைல ஒரு சின்ன பாட்டில் இருந்தா போதும். ஆனா எந்த சானிடைசர் வாங்குறோம், எவ்ளோ போடுறோம், எந்த கிருமிகிட்ட இது பலிக்காதுங்கறது தெரியாம வாங்கிட்டா, கை சுத்தமா இருக்குங்கற நம்பிக்கைல நேரா போய் நோயாளி பக்கத்துல உக்காந்துடுவோம், அதுக்கு சானிடைசர் போடாமலே தள்ளி நின்னிருக்கலாம். அதனாலதான் ஒரு பாட்டிலுக்கு இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எங்க அம்மாவுக்கு கீமோ ஓடிட்டு இருக்கு. ஒவ்வொரு சைக்கிளும் முடிஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல வெள்ளை அணு கவுண்ட் இறங்கிடும், அந்த நேரத்துல நமக்கு சாதாரணமா வந்து போற கிருமி கூட அவங்களுக்கு பெரிய விஷயம், ஜுரம் 100.4 தொட்டா ராத்திரி பகல்னு பாக்காம கூட்டிட்டு வந்துடுங்கன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதனால அம்மா ரூம் வாசல்ல ஒரு ஸ்டூல் போட்டு ஸ்டெரிலியம் 500 எம்.எல். பம்ப் பாட்டில் வெச்சிருக்கோம், யார் உள்ள போனாலும் கைல போட்டுட்டுத்தான் போகணும். சொந்தக்காரங்ககிட்ட இதை சொல்றதுதான் கஷ்டம். சித்தி வந்தாங்க, "ஏண்டி, நான் குளிச்சு முழுகிட்டுதானே வர்றேன், என்கிட்ட என்னடி கிருமி இருக்கப் போகுது"ன்னு முகம் சுருங்கிப் போச்சு, "சித்தி, பஸ்ல கம்பியப் புடிச்சுட்டுதானே வந்தீங்க, அம்மாவுக்காகத்தான் சித்தி, கோச்சுக்காதீங்க"ன்னு சொன்னதும் கைய நீட்டிட்டாங்க. இப்ப அவங்களே மத்தவங்கள வாசல்ல நிறுத்தி போட சொல்றாங்க.

இந்த பிராண்ட் ஏன்னு கேட்டா, ஆஸ்பத்திரி வார்டுல கட்டிலுக்கு கட்டில் இதுதான் தொங்குச்சு, அங்கதான் முதல்ல பாத்தேன். இது கொரோனாவுக்கு வந்த பொருள் கிடையாது. ஜெர்மனில ஹாம்பர்க்ல இருக்குற போடே கம்பெனி 1965லயே கொண்டு வந்தது. 2020க்கு முன்னாடி நம்ம ஊர்ல பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு மட்டும்தான் இது தெரிஞ்சிருந்துச்சு.

பாட்டில் பின்னாடி லேபிள் எழுத்து பொடிசா இருக்கும், ஆனா படிக்க வேண்டியது அதைத்தான். 100 கிராம்ல 2-புரோப்பனால் 45 கிராம், 1-புரோப்பனால் 30 கிராம், மெசெட்ரோனியம் எத்தில்சல்பேட் 0.2 கிராம். அதாவது எடைக் கணக்குல முக்கால்வாசி ஆல்கஹால். 2-புரோப்பனால்னா வேற ஒண்ணும் இல்ல, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்னு ஐ.பி.ஏ.ன்னு சொல்றாங்களே அதேதான். குடிக்கிற சரக்குல இருக்குற எத்தனால் இதுல கிடையாது, ஆனா குடும்பம் ஒண்ணுதான். மிச்சத்துல தண்ணி, தோல் காயாம இருக்க கிளிசரால், கொஞ்சம் வாசனை, அப்புறம் அந்த நீல நிறத்துக்கு ஒரு சாயம். மெசெட்ரோனியம்ங்கறது ஆல்கஹால் ஆவியானதுக்கு அப்புறமும் கைல கொஞ்சம் தங்கி இருக்கும்னு சேக்குறது, அதை ரொம்ப பெருசா எடுத்துக்காதீங்க, கிருமிய கொல்ற வேலைய பண்றது ஆல்கஹால்தான்.

எப்படி கொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா எவ்ளோ போடணும்ங்கறது தானா புரியும். பாக்டீரியாவ சுத்தி கொழுப்பால ஆன ஒரு மெல்லிசு சவ்வு இருக்கு, கொரோனா, ஃப்ளூ மாதிரி வைரஸுக்கும் வெளிய அப்படி ஒரு கொழுப்பு உறை இருக்கு. ஆல்கஹால் அந்த கொழுப்ப கரைச்சு சவ்வ குலைக்குது, உள்ள இருக்குற புரோட்டீனோட மடிப்பையும் கலைச்சு விட்டுடுது. தோசைக்கல்லுல உடைச்சு ஊத்துன முட்டையோட வெள்ளைக்கரு கெட்டியாகி வெள்ளையா மாறுனதுக்கு அப்புறம் திரும்ப தண்ணியா ஆகாது பாருங்க, புரோட்டீன் கெட்டா அப்படித்தான், அதால மறுபடி வேலை செய்ய முடியாது, கிருமி செத்துடுது. ஆன்டிபயாடிக் மாதிரி ஒரே ஒரு குறிப்பிட்ட இடத்துல போய் அடிக்கிற மருந்து இல்லைங்கறதால, பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஆஸ்பத்திரி பாக்டீரியாவும் இதுல சாகும்.

இதுல தண்ணிக்கு ஒரு முக்கியமான பங்கு இருக்கு. நிறைய பேர் நினைக்குற மாதிரி 100% ஆல்கஹால்னா சூப்பரா வேலை செய்யும்னு கிடையாது. புரோட்டீன் மடிப்பு கலையறதுக்கு கூட தண்ணி வேணும், சுத்த ஆல்கஹால்னா கைல பட்டதும் பறந்துடும், வேலை செய்ய நேரமே கிடைக்காது. அதனாலதான் 60ல இருந்து 95% வரைக்கும்னு ஒரு ரேஞ்ச் சொல்றாங்க, எத்தனால்னா குறைஞ்சது 60%, ஐசோபுரொப்பைல்னா 70%ன்னு அமெரிக்க கவர்ன்மென்டோட நோய்த் தடுப்பு அமைப்பு சி.டி.சி. சொல்லுது. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலால எத்தனால் 80%, இல்லேன்னா ஐசோபுரொப்பைல் 75%, கூட கிளிசரால் 1.45%, ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125%. அந்த பெராக்சைடு நம்ம கைக்கு கூட இல்ல, கலக்குற பாத்திரத்துலயும் பாட்டில்லயும் இருக்குற ஸ்போர் (சில பாக்டீரியா கெட்டியான ஓட்டுக்குள்ள தூங்குற மாதிரி இருக்குற நிலை) சாகறதுக்காக, அதனாலதான் கலந்து 72 மணி நேரம் வெச்சுட்டு அப்புறம் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. மொபைல் சர்வீஸ் கடைல போர்டு கிளீன் பண்ண வெச்சிருக்குற 99% ஐ.பி.ஏ. வாங்கி அப்படியே கைல தேய்ச்சுக்குறவங்கள பாத்திருக்கேன், ஸ்ட்ராங்கா இருக்கேன்னு நினைச்சு பண்றாங்க, அது சீக்கிரம் பறந்துடும், தோலும் வெடிச்சுடும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

லேபிள்ல இன்னொரு விஷயம், 70%ன்னு போட்டிருந்தா அது வால்யூமா எடையான்னு பாருங்க. வால்யூம்ல 70% எத்தனால்னா எடைல அது சுமார் 62% தான். வால்யூம் கணக்குல 60ன்னு இருந்தா ஓரத்துல நிக்குதுன்னு அர்த்தம், பாட்டில் மூடி சரியா மூடாம கொஞ்சம் பறந்தா அதுக்கும் கீழ போயிடும். பர்சன்டேஜே போடாம "வேம்பு துளசி கற்றாழை, 99.9% கிருமிகளைக் கொல்லும்"னு முன்பக்கம் பெருசா இலை படம் மட்டும் போட்டிருந்தா அத வெச்சுட்டு அடுத்தத எடுங்க. 99.9ங்கறது லேப்ல குறிப்பிட்ட கிருமிகளை வெச்சு பாத்த கணக்கு, 10 லட்சம் கிருமில 99.9% போனாலும் 1,000 மிச்சம் இருக்கும், வெள்ளை அணு இறங்கியிருக்குறவங்களுக்கு அந்த மிச்சமும் கணக்குதான். ஆல்கஹால்-ஃப்ரீன்னு போட்டு வர்றதுல பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைடுங்கற கிருமிநாசினி கெமிக்கல் இருக்கும், அதுவும் சில கிருமிய கொல்லும்தான், ஆனா நோயாளி இருக்குற வீட்டுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

இதுக்கு முன்னாடி வீட்ல வாசனை ஜெல் ஒண்ணு இருந்துச்சு, பேர் வேண்டாம். ரெண்டு மூணு தடவை தொடர்ந்து போட்டா விரல் இடுக்குல வெள்ளை வெள்ளையா திரி திரியா உருண்டு வரும், ஜெல்ல கெட்டியாக்க போடுற கார்போமர் அது. அம்மாவுக்கு கீமோவுல வாசனையே ஆகல, அந்த ஸ்ட்ராபெர்ரி வாசனை பட்டாலே குமட்டுதுன்னு சொன்னாங்க. ஸ்டெரிலியத்துல ஆஸ்பத்திரி வாசனை குப்புனு வரும், எல்லாருக்கும் பிடிக்காது, ஆனா கை காஞ்சதும் பெரும்பாலும் போயிடுது. ஜெல்லே மோசம்னு சொல்ல மாட்டேன், ஆல்கஹால் அளவு சரியா இருக்குற நல்ல கம்பெனி ஜெல்லும் வேலை செய்யும், பைல வெச்சா ஒழுகாது, சின்ன பசங்க கைல ஊத்துனா வழியாது. லிக்விட்ல எனக்கு பிடிச்சது என்னன்னா நகக்கண்ணு வரைக்கும் தானா ஓடி இறங்குது. உள்ளங்கைய குழிச்சு ரெண்டு பம்ப் அடிச்சா நீலமா ஒரு சின்ன குளம் நிக்கும், அதுல அஞ்சு விரல் நுனியையும் முக்கி எடுத்துட்டு அப்புறம் தேய்க்க ஆரம்பிச்சா நகத்துக்கு அடில போறத சில்லுனு உணர முடியும்.

அளவுதான் பாதிப் பேர் கோட்டை விடற இடம். கடை வாசல்ல, கல்யாண மண்டபத்துல ஒரு சொட்டு தெளிச்சு விடுவாங்களே, அது வெறும் சம்பிரதாயம். கிட்டத்தட்ட 3 எம்.எல். எடுத்து 30 செகண்ட் கை ஈரமாவே இருக்கணும். உங்க பம்ப் எவ்ளோ தருதுன்னு பாக்கணும்னா ஜுர சிரப்போட வர்ற அளவு மூடில 2.5, 5ன்னு கோடு இருக்கும்ல, மருந்துக்கு இனிமே எடுக்காத பழைய மூடியா பாத்து அதுல அடிச்சுப் பாருங்க, எங்க பாட்டில்ல ரெண்டு பம்ப் முழுசா அமுக்குனா சரியா வருது. இன்னொரு சுலபமான வழி, போட்டு பத்து பதினஞ்சு செகண்ட்லயே கை காஞ்சு போச்சுன்னா நீங்க எடுத்தது பத்தலைன்னு அர்த்தம்.

தேய்க்குற முறையும் இருக்கு. வார்டுல ஒரு நர்ஸ் எல்லா அட்டெண்டரையும் வரிசையா நிக்க வெச்சு சொல்லிக் குடுத்தாங்க, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, விரல மடக்கி பின்பக்கம், கட்டை விரல தனியா புடிச்சு சுத்தி, கடைசியா விரல் நுனிய உள்ளங்கைல வெச்சு. "கட்டை விரலையும் நுனியையும்தாங்க எல்லாரும் விட்டுடறீங்க, பேஷண்ட்ட தொடறதே அதாலதான"ன்னு சொன்னாங்க. மோதிரம் வளையல் கழட்டிட்டா நல்லது, அதுக்கு அடில ஈரம் நின்னு தோல் புண்ணாகுது. காயறதுக்கு முன்னாடி புடவைலயோ டவல்லயோ துடைக்காதீங்க, காயற அந்த நேரம்தான் அது வேலை செய்யுற நேரம்.

பாட்டில எங்க வெக்கறோம்ங்கறதும் சும்மா விஷயம் இல்லைங்க. ஜெனீவா யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில டிடியர் பிட்டேன்னு ஒரு டாக்டர், 1990கள்ல, நர்ஸுங்க ஏன் கை கழுவ மாட்டேங்குறாங்கன்னு கவனிச்சுப் பாத்தாரு. அவங்களுக்கு அக்கறை இல்லாம இல்ல, ஒவ்வொரு தடவையும் சிங்க் வரைக்கும் போய் கழுவி துடைச்சுட்டு வர நேரமே இல்ல. அதனால ஆல்கஹால் பாட்டில கட்டில் பக்கத்துக்கே கொண்டு வந்தாரு. 1994ல 48% ஆ இருந்த கை சுத்தப் பழக்கம் 1997ல 66% ஆச்சு, ஆஸ்பத்திரிலயே தொத்துற நோய் 16.9%ல இருந்து 9.9%க்கு இறங்குச்சு, 2000ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்தது. அந்த ஃபார்முலாவுக்கு பேடன்ட் வாங்கி காசு பண்ணாம உலக சுகாதார நிறுவனம் மூலமா எல்லா நாட்டுக்கும் குடுத்துட்டாங்க, மேல சொன்ன 80% ஃபார்முலா அந்த வழில வந்ததுதான். எனக்கு அந்த மனுஷன் மேல ரொம்ப மரியாதை. வீட்லயும் அதே கதைதான், பாட்டில் பாத்ரூம் ஷெல்ஃப்ல இருந்தா யாரும் போட மாட்டாங்க, வாசல்ல கை எட்டுற இடத்துல இருந்தா போடுவாங்க.

இப்ப இது எதுக்கு ஆகாதுன்னு பாப்போம். கைல மண்ணு, எண்ணெய், சளி, ரத்தம்னு கண்ணுக்கு தெரியுற அழுக்கு இருந்தா சானிடைசர் போட்டு பிரயோஜனம் இல்ல, ஆல்கஹால் அழுக்க தாண்டி உள்ள போகாது, எதையும் கழுவியும் விடாது, செத்தது உயிரோட இருக்குறது எல்லாம் கைலயேதான் இருக்கும். பூச்சிமருந்து மாதிரி கெமிக்கல் பட்ட கைக்கும் இது உதவாது. வாந்தி பேதி உண்டாக்குற நோரோவைரஸ், மஞ்சள் காமாலை உண்டாக்குற ஹெபடைடிஸ் ஏ, இதுக்கெல்லாம் வெளிய கொழுப்பு உறையே கிடையாது, அதனால ஆல்கஹால் அவ்வளவா பலிக்காது. ஆன்டிபயாடிக் நிறைய எடுத்தவங்களுக்கு பேதி வர வைக்கிற க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் ஸ்போர் இதுல சாகவே சாகாது. குழந்தைங்களுக்கு வர்ற கீரிப்பூச்சி முட்டையும் அப்படித்தான். அதனால டாய்லெட் போயிட்டு வந்தா, டயப்பர் மாத்துனா, சாப்பாட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி, வீட்ல யாருக்காவது பேதின்னா, சோப்பு தண்ணிதான். சாதாரண சோப்பு போதும், 20 செகண்ட் தேய்ச்சு ஓடுற தண்ணில அலசுனா அது கிருமிய கையிலிருந்தே தூக்கிட்டுப் போயிடும். எங்க வீட்ல அம்மாவுக்கு சாப்பாடு எடுத்துட்டு போறவங்க சோப்பு போட்டு கழுவிட்டு சமைப்பாங்க, ரூம் வாசல்ல சானிடைசர் போட்டுட்டு உள்ள போவாங்க, ரெண்டும் ரெண்டு வேலை. கழுவுன கை ஈரத்தோட சானிடைசர் போடாதீங்க, தண்ணி சேந்து ஸ்ட்ரெங்த் இறங்கிடும், தோலும் எரியும்.

தோல் பத்தி நிறைய பேர் கேப்பாங்க. வெட்டுக்காயம் இருந்தா சுரீர்னு எரியும், அது எந்த ஆல்கஹாலுக்கும் உள்ளதுதான். ஆனா ஒரு நாளைக்கு பல தடவை சோப்பு போட்டு கழுவறதுக்கு, கிளிசரால் சேத்த சானிடைசர் தோலுக்கு பரவால்ல, சோப்பு தோலோட எண்ணெய்ய கழுவி எடுத்துட்டு போயிடும். ராத்திரி படுக்கும்போது கைக்கு தேங்காய் எண்ணெய் தடவிக்குறேன், எனக்கு வெடிப்பு வரல.

நெருப்பு விஷயத்துல மட்டும் யாரும் அலட்சியமா இருக்காதீங்க. 70% எத்தனால் 17 டிகிரி பக்கத்துலயே பத்திக்குற அளவுக்கு ஆவி விடும், நம்ம ஊர்ல மார்கழி விடியக்காலைல கூட பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும். புரோப்பனாலும் அதே மாதிரிதான். ஆல்கஹால் தீ பகல் வெளிச்சத்துல கண்ணுக்கு சரியா தெரியாது, கை சுடும்போதுதான் தெரியும். கேஸ் பத்த வெக்கறது, சாமி விளக்கு ஏத்தறது, தீபாவளிக்கு பட்டாசு, எல்லாமே கை நல்லா காஞ்சதுக்கு அப்புறம்தான். கைய சோப்பு போட்டு கழுவிட்டே போயிட்டா இன்னும் நல்லது. பாட்டில அடுப்பு மேடைலயும் வெயில்ல நிக்கிற கார்லயும் வெக்காதீங்க. அப்புறம் குழந்தைங்க, நீல கலர் பாத்தா ஜூஸ்னு நினைக்கும், புரோப்பனால் கொஞ்சம் உள்ள போனாலும் சின்ன உடம்புக்கு ஆபத்து, உயரத்துல வைங்க, பெரியவங்க போட்டு விடுங்க. பெரியவங்களும் விதிவிலக்கு இல்ல, 2020ல ஆந்திரா பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுல ஒயின் ஷாப் மூடியிருந்த நேரத்துல சானிடைசர குடிச்சு 10 பேருக்கு மேல இறந்து போனாங்க. குடிப்பழக்கம் இருக்குறவங்க வீட்ல இருந்தா பாட்டில பூட்டியே வைங்க.

லேபிள் இல்லாத 5 லிட்டர் கேன் பத்தி தனியா சொல்லணும். இப்பவும் சில இடத்துல பாதி விலைக்கு ஊத்தி குடுக்குறாங்க. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எத்தனாலுக்கு பதிலா மெத்தனால் கலந்துட்டா முடிஞ்சது, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில 60 பேருக்கு மேல உயிர எடுத்ததே அதே மெத்தனால்தான், அது தோல் வழியாவும் மூச்சு வழியாவும் கூட உடம்புக்குள்ள போகும், கண் நரம்ப அழிக்கும். கொரோனா சமயத்துல மெத்தனால் கலந்த சானிடைசர் பத்தி நம்ம சி.பி.ஐ.யே மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்புச்சு, அமெரிக்காவுல மருந்து, உணவுப் பொருள கண்காணிக்கிற எஃப்.டி.ஏ. நிறைய பிராண்ட திரும்ப எடுக்க சொல்லுச்சு. டிஷ்யூல ஊத்தி பத்த வெச்சு எரிஞ்சா ஒரிஜினல்னு காட்டுற வீடியோவ நம்பாதீங்க, மெத்தனாலும் நல்லாத்தான் எரியும். லேபிள்ல மேனுஃபேக்சரிங் லைசன்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி, என்ன ஆல்கஹால் எத்தனை பர்சன்ட், இந்த நாலும் இருக்கணும், ஒண்ணு இல்லேன்னாலும் வேண்டாம்.

விலை பத்தி சொல்லணும்னா சாதா ஜெல்ல விட ஸ்டெரிலியம் அதிகம்தான், எம்.ஆர்.பி. மாறிட்டே இருக்குறதால நம்பர் போடல. 2020 மார்ச்ல மாஸ்க்கும் சானிடைசரும் அத்தியாவசியப் பொருள்னு அறிவிச்சு 200 எம்.எல். 100 ரூபாய்க்கு மேல விக்கக் கூடாதுன்னு கவர்ன்மென்ட் போட்டாங்க, அந்த கட்டுப்பாடு இப்ப இல்ல, அதனால கடைக்கு கடை கேட்டு வாங்குங்க. எம்.எல்.லுக்கு எவ்ளோன்னு கணக்கு போட்டா பெரிய பாட்டில்தான் லாபம். சின்ன பாட்டில்ல ஊத்தி வெச்சுக்குறதா இருந்தா பழசு முழுசா தீந்ததும் கழுவி நல்லா காய வெச்சு, அதே சானிடைசரத்தான் ஊத்தணும், பழச புதுசோட சேக்காதீங்க, பாட்டில் மேல பேரும் எக்ஸ்பயரியும் எழுதி ஒட்டுங்க, ஏன்னா வீட்ல வயசானவங்க மருந்துன்னு நினைச்சு எடுத்துடுவாங்க.

500 எம்.எல். வாங்குறவங்க பம்ப் சேந்து வருதான்னு கடைலயே கேட்டுடுங்க, சாதா மூடின்னா ஒரு கைல புடிச்சு ஊத்தும்போது பாதி கீழ போயிடும். சீல் உடைஞ்சிருக்கான்னு பாத்து, பில் போட்டு வாங்குங்க. வீட்ல யாருக்காவது கீமோ போயிட்டு இருந்து கை சுத்தம், சாப்பாடு பத்தி ஏதாவது கேக்கணும்னா கீழ கேளுங்க, எனக்கு தெரிஞ்சத சொல்றேன், மருந்து பத்தினது மட்டும் உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க.